நுவரெலியாவின் மலைகளும் எல்லைக்கோடுகளும்

ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வவுனியாவில் வீட்டார் எல்லோரும் நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலமே. பொகவந்தலாவைத் தோட்டக்காரர்கள் அரசாங்க அலுவல்களுக்காக இன்னமும் கினிகத்தேனையிலுள்ள அம்பகமுவ பிரதேச செயலகத்துக்குத்தான் அலைகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நோர்வூட்டில் தனியாக ஒரு பிரதேச செயலகம் அமைந்துவிட்டது என்பதே நான் சொல்லக்கூடிய முதல் நற்செய்தி.

அந்தப் பயணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் இறங்கி, பின்னர் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. அம்பகமுவ பிரதேசத்தின் தோட்டங்களில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்குகளின் சரிவுகளில்தான் இருக்கிறது. செயலகமோ மேற்கே, மாவட்டத்தின் ஓரத்தில், கினிகத்தேனையில் இருந்தது. பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், ஒரு கையெழுத்துக்காக அன்றைய சம்பளத்தை இழந்து, நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து வட்டவளையைக் கடந்து இறங்க வேண்டியிருந்தது. உரிய அலுவலர் அன்று வெளியே போயிருந்தால் மறுபடியும் அதே பாதைதான்.

ஆனால் பிரித்த முறைதான் என் மனத்துக்கு ஒப்பவில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகை 7,11,644. அப்போது இருந்த ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் நுவரெலியாவில் 2,12,094 பேரும் அம்பகமுவவில் 2,05,723 பேரும் வாழ, ஹங்குராங்கெத்தவில் 88,528 பேரே இருந்தார்கள். இப்போது ஐந்தும் பத்தாகியுள்ளன. ஆனால் மக்கள்தொகையைப் பாராமல் ஒவ்வொரு பிரிவும் இரண்டாகவே பிரிக்கப்பட்டுள்ளது. நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு, மதுரட்ட, நில்தண்டாஹின்ன ஆகியவை புதியவை. தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளையில் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால் வறண்டுபோகும் வலப்பனைப் பக்கத்து மக்களும் மலை ஏறி இறங்குபவர்களே. அவர்களுக்கு இன்னோர் அலுவலகம் கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. இரண்டு லட்சம் பேருக்கும் எண்பத்தெட்டாயிரம் பேருக்கும் ஒரே அளவுகோலா என்பதே என் கேள்வி.

மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் பிரதேச சபைகளின் விஷயத்தில் இதைவிட நியாயமாக நடந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு சபைகளும் 2018 தேர்தலுக்கு முன் ஆறாக்கப்பட்டன. அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய பெயர்கள் சபைப் பட்டியலில் ஏறின. அதே ஆண்டில் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவும், சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணிசெய்ய இடமளிக்கும்படி திருத்தப்பட்டது. தோட்டங்கள் தனியார் நிலம் என்ற காரணத்தால், அங்குள்ள மக்களின் வாக்கைப் பெற்ற சபையே அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிட முடியாதிருந்த நிலைமையை நீங்களும் பார்த்தவர்தானே. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் பெற்றோரை நாடற்றவர்களாக்கியபோது தொடங்கிய ஒதுக்கலின் எச்சமாகவே அதை நான் கருதுகிறேன். சட்டம் திருந்திய பிறகும் சபைகளுக்குப் போதிய வருமானம் இல்லாததால் பாதைகள் மெதுவாகத்தான் மாறுகின்றன.

வவுனியாவில் உங்கள் பகுதியிலிருந்து செயலகம் எவ்வளவு தூரம், அங்கே குடியேறிய நம்மவர்களுக்குக் காணி உறுதிகள் ஒழுங்காகக் கிடைத்தனவா என்பதை விரிவாக எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் தோட்டப்புறக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைப் பற்றி எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்