குன்றை வெட்டினால் பொறுப்பு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்தபிறகு குமரியின் மேற்குப் பகுதியில் மனை விலை ஏறிவருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். அந்த மனைகள் எப்படிப்பட்ட இடத்தில் கிடக்கின்றன என்பதையும் எழுதியிருக்கலாம். பெரும்பாலும் சரிவான நிலம். சில வருடம் முன்பு வரை ரப்பர் நின்ற குன்றுகள்.

நானும் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அப்படியொரு குன்றில்தான் குடியிருக்கிறேன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், டாக்டர்கள், வியாபாரிகள் என்று எல்லாருமே வசதியானவர்கள். நல்ல காற்று, மாடியில் நின்றால் தூரத்தில் கடல். இப்படியொரு இடத்தில் வீடு கட்ட ஆசைப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மேலே இருப்பவர் வெட்டிய மண்ணும் திருப்பிவிட்ட மழைத் தண்ணீரும் கீழே இருப்பவர் தலையில்தான் விழுகின்றன. அதற்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை.

ரப்பர் வைத்தவர்கள் சரிவுக்குக் குறுக்கே படிபடியாக வெட்டி, இடையிடையே குழி எடுத்துப் போட்டிருந்தார்கள். மழை அங்கங்கே தங்கி மண்ணுக்குள் இறங்கும். ஜேசிபி வந்தால் ஒரே வாரத்தில் அத்தனையும் போய்விடும். பின்பக்கம் செங்குத்தாக 20 அடிக்கு ஒரு வெட்டு, முற்றம் முழுக்க டைல்ஸ், கேட் வரை சிமென்ட். தண்ணீர் இறங்க ஒரு சாண் மண் மிச்சம் கிடையாது. நம் குன்றுகளில் மேலே செம்மண், அடியில் பாறை. விடாமல் பெய்தால் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே தேங்கி, மேல்மண்ணை அப்படியே வழுக்கிவிடும். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து ரயில்களை நிறுத்தியது யாருக்கும் மறந்திருக்காது.

போன ஐப்பசி மழையில் எங்கள் குன்றிலேயே ஒரு சுவர் விழுந்தது. புதிதாகக் கட்டிய கருங்கல் கையாலை (தடுப்புச் சுவர்), பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற ஒரு குழாய்த் துளைகூட வைக்கவில்லை. நனைந்த மண் தள்ளித் தள்ளி, முதல் நாள் சுவரின் நடுப்பகுதி வயிறு பிதுங்கியதுபோல் நின்றது. மறுநாள் காலையில் சுவர் இல்லை. அடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் கிணறு முழுக்கச் செங்கலங்கல். அந்த வீட்டம்மா குடத்தோடு மேடேறி எங்கள் வீட்டுக்கு வந்துதான் குடிதண்ணீர் எடுத்தார். புகார் கொடுக்கப் போனால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது.

வேலை நிமித்தமாக நான் போய்வந்த ஹாங்காங்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அங்கே துறைமுகத்துக்கு மேலே, மிட் லெவல்ஸ் என்ற மலைச்சரிவில் பணக்காரர்கள் வசிக்கிறார்கள். 1972 ஜூன் 18 அன்று, பல நாள் கொட்டிய மழையில் அங்குள்ள போ ஷான் சாலைக்கு மேலிருந்த சரிவு இடிந்து ஒரு 12 மாடிக் கட்டடத்தையே சாய்த்தது. 67 பேர் இறந்தார்கள். அதே நாளில் சாவ் மாவ் பிங் என்ற ஏழைகள் குடியிருப்பில் 71 பேர். நான்கு வருடம் கழித்து அதே சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் சரிவு, 18 சாவு. அதற்கு அப்புறம்தான், 1977இல், சரிவுகளைக் கவனிப்பதற்கென்றே தனி அலுவலகம் வந்தது. இன்று அங்கே மனிதர் உருவாக்கிய சரிவுகள் ஏறத்தாழ 60,000 பதிவாகியிருக்கின்றன. தெருவோரத் தடுப்புச் சுவர்களில் சின்னப் பலகையில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணை வைத்து, பராமரிக்க வேண்டியவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். கவனிக்காத உரிமையாளருக்கு அரசு உத்தரவு போடும்.

நம் மாவட்டத்தில் இதைச் செய்ய முடியாதா? மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் (ஹாகா) விதிகள் 1990 முதல் இருக்கின்றன. அவை பொருந்தும் கிராமங்களின் பட்டியலில் நம் கிராமங்கள் பலவும் உண்டு. பட்டியலில் இல்லாத சின்னக் குன்றிலும் தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும்? ஆகவே ஊர் எதுவானாலும், சரிவை வெட்டி வீடு கட்ட அனுமதி கேட்பவரிடம் வெட்டின் உயரம், தடுப்புச் சுவரின் வடிவம், மழைத் தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது என்ற மூன்றையும் பொறியாளர் கையெழுத்தோடு வாங்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் சுவர்களுக்கும் எண் போட்டு, உரிமையாளர் பெயரோடு ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

அடுத்த ஐப்பசிக்குள் மாவட்ட நிர்வாகம் ஒரு ஊராட்சியிலாவது இதைத் தொடங்கட்டும். எங்கள் குன்றிலிருந்தே தொடங்கினாலும் நல்லது. என் வீட்டுத் தடுப்புச் சுவரின் வரைபடத்தைக் கொடுக்க நான் தயார். அக்கம்பக்கத்தாரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் வாசகர் ஒருவர்