அலுமினியப் பாத்திரத்தில் முட்டை: அச்சம் எதற்கு, கவனம் எதில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுமினியப் பாத்திரத்தில் அவித்த முட்டை நஞ்சாகிவிடும் என்ற செய்தி பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களிடையே வாட்ஸ்அப் வழியாகப் பரவி வருகிறது. அல்சூரில் எங்கள் தெருவிலேயே நல்ல பாத்திரங்களைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டவர்கள் உண்டு. இந்த அச்சம் தேவையற்றது. உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு.

முட்டை அவித்த பாத்திரத்தின் உட்புறம் கறுப்பதைக் கண்டுதான் பலரும் பயப்படுகிறார்கள். இந்நகரின் பல பகுதிகளில் புழங்குவது ஆழ்துளைக் கிணற்று நீர். அந்தக் கடின நீரில் கரைந்துள்ள காரத்தன்மை கொண்ட உப்புகளும் தாதுக்களும் கொதிக்கும்போது அலுமினியத்தின் மேற்பரப்பைக் கறுக்கச் செய்கின்றன. முட்டையே போடாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அதே கறுப்பு வரும். முட்டைக்கோ ஓடு காப்பாக இருக்கிறது. மஞ்சள் கருவைச் சுற்றித் தோன்றும் பச்சை வளையம் அதிக நேரம் அவிப்பதால், வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாவது; எவர்சில்வர் பாத்திரத்திலும் அது வரும்.

கறுப்பைப் போக்குவதாக நினைத்துக் கம்பி நாரால் அழுத்தித் தேய்ப்பதுதான் தவறு. அலுமினியத்தின் மீது இயல்பாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலமே உலோகம் உணவில் கரையாமல் காக்கிறது. தேய்த்து உரித்தபின் அது மீண்டும் உருவாகும் என்றாலும் மெல்லியதாகவே இருக்கும் என்பதால், தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பழக்கிய பாத்திரத்தைவிடப் பளபளவென்று துலக்கிய பாத்திரத்திலிருந்தே உலோகம் கூடுதலாகக் கரைகிறது.

முட்டைக் குழம்பு வேறு விஷயம். புளியும் தக்காளியும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். இரவு முழுவதும் அதே சட்டியில் வைத்தால் இன்னும் கரையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், சாம்பார், சட்னி போன்ற புளிப்பான உணவுகளை அலுமினியத்தில் வைத்திருப்பது பாதுகாப்பானதல்ல என்கிறது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் அமைத்த நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு வாரத்துக்கு 2 மில்லிகிராம் வரை அலுமினியத்தை ஏற்கலாம் என 2011இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 120 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் அலுமினியம் தங்கிவிடும் என்பதால், அவர்கள் வீட்டில் குழம்பை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ வைப்பதே நல்லது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது காரீயம். கண்ட கழிவு உலோகங்களையும் உருக்கி வார்க்கும் மலிவுப் பாத்திரங்களில் அது கலந்துவிடக்கூடும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் (ஒருவகை அலுமினியக் கலப்பு உலோகம்) பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. நம் மத்திய அரசோ அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 1660 என்ற இந்தியத் தரத்தின்படி ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என 2024இலேயே ஆணையிட்டது. ஆயினும் முத்திரையற்ற பாத்திரங்கள் இங்கே நடைபாதைகளில் எடைக்கு விற்கப்படுகின்றன.

கர்நாடக அரசு இந்த விற்பனையைச் சோதனை செய்வதுடன், மாணவர்களுக்கு முட்டை அவித்து வழங்கும் அரசுப் பள்ளிகளின் சமையற்கூடங்களிலும் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற பாத்திரங்களே இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். வாங்கும்போது முத்திரையை எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதைத் தங்கள் நாளிதழ் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு