ஓமாவில் குண்டு வைத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சமாதான ஒப்பந்தங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், வடக்கு அயர்லாந்து மோதலை முடிக்க 1998இல் போடப்பட்ட புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தான நான்கே மாதத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. அங்குள்ள ஓமா நகரில் குண்டு வைத்தது என்றும், காகிதத்தை நம்பினால் இதுதான் கதி என்றும் எழுதப்பட்டிருந்தது. மாதக் கணக்கு சரி. மற்ற இரண்டும் தவறு.

குண்டு வைத்தது ரியல் ஐ.ஆர்.ஏ. என்ற பிளவுக் குழு. 1997 அக்டோபரில் அயர்லாந்துக் குடியரசின் டொனகால் மாவட்டத்துக் குவீடோரில் ஐ.ஆர்.ஏ. ரகசிய மாநாடு கூட்டியது. வன்முறையைக் கைவிடச் சொல்லும் மிட்செல் கோட்பாடுகளை ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் பிரிவான சின் ஃபெயின் கட்சி ஏற்றதை எதிர்த்து அப்போது சிலர் வெளியேறி இந்தக் குழுவை அமைத்தார்கள். வெளியேறிய கூட்டம் சிறியதுதான். ஆனால் அதில் மைக்கேல் மெக்கெவிட் இருந்தார்; ஐ.ஆர்.ஏ.வின் ஆயுதக் கிடங்குகள் அனைத்துக்கும் அவர்தான் பொறுப்பாளர். ஓர் இயக்கம் உடையும்போது எத்தனை பேர் போனார்கள் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். கிடங்கைப் பற்றித் தெரிந்தவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்பதில்லை. 1986இல் அயர்லாந்துக் குடியரசின் டப்ளின் நாடாளுமன்றத்தில் உட்காருவதா வேண்டாமா என்ற தகராறில் உருவானது கன்டினியூட்டி ஐ.ஆர்.ஏ. என்ற இன்னொரு பிளவுக் குழு. அது வெளிப்படையாகக் குண்டு வைக்கப் பத்தாண்டு பிடித்தது. மெக்கெவிட் குழுவுக்கு ஓராண்டுகூடத் தேவைப்படவில்லை.

1998 ஆகஸ்ட் 1 அன்று வடக்கு அயர்லாந்தின் பான்பிரிட்ஜ் ஊரில் ஒரு கார் குண்டு. இரண்டு வாரம் கழித்து, 15ஆம் தேதி சனிக்கிழமை, ஓமா. எல்லைக்குத் தெற்கே, குடியரசுப் பகுதியில் உள்ள காரிக்மாக்ராஸில் திருடிய வாக்ஸால் கேவலியர் காரில் சுமார் 225 கிலோ வெடிபொருளை ஏற்றி மார்க்கெட் தெருவில் நிறுத்தினார்கள். முன்னெச்சரிக்கையாக மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. நீதிமன்றம், மெயின் ஸ்ட்ரீட் என்ற பேச்சு. ஓமாவில் மெயின் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவே கிடையாது. நீதிமன்றம் ஹை ஸ்ட்ரீட்டின் மேல்கோடியில், கார் நின்ற இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி. போலீசார் நீதிமன்றத்தைச் சுற்றி இருந்தவர்களை அப்புறப்படுத்தி, சரிவில் கீழே, நேராகக் கார் நின்ற இடத்துக்கே அனுப்பினார்கள். பிற்பகல் 3.10க்கு அது வெடித்தது. 29 பேர் இறந்தனர். அவர்களில் ஒரு பெண்ணின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். எச்சரித்தோமே என்பது குழுவின் வாதம். இடத்தைத் தவறாகச் சொன்ன எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட மோசம்.

இனி, காகிதம் வீணாயிற்றா என்பது. இந்தக் குழுக்கள் ஆயுதம் ஏந்தும் உரிமையை, தனி அயர்லாந்து கேட்ட சின் ஃபெயின் வென்ற 1918 தேர்தலிலிருந்து எடுத்தன: தீவு முழுவதும் சேர்ந்து கடைசியாக வாக்களித்தது அப்போதுதான், அந்தத் தீர்ப்பை யாராலும் மாற்ற முடியாது என்று. 1998 மே 22 அன்று எல்லையின் இருபுறமும் ஒரே நாளில் உடன்படிக்கை மீது வாக்கெடுப்பு நடந்தது. வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் ஆதரவு. 1918 வாதம் அன்றே அடிவாங்கியது. ஓமாவுக்கு ஒரு வாரத்தில் ஐ.என்.எல்.ஏ. என்ற இன்னொரு ஆயுதக் குழு போர்நிறுத்தம் அறிவித்தது, செப்டம்பரில் ரியல் ஐ.ஆர்.ஏ.வே அறிவித்தது. அது நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உடன்படிக்கையின் இன்னொரு விதி பெரிதாகப் பேசப்படுவதில்லை. கைதிகளை இரண்டாண்டுக்குள் விடுவிக்கும் சலுகை, போர்நிறுத்தத்தில் இருக்கும் குழுக்களின் ஆட்களுக்கு மட்டும்தான். அதுவும் நிபந்தனையின் பேரில், மீறினால் மறுபடி உள்ளே. பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பில், யு.வி.எஃப். என்ற ஆயுத அமைப்பிலிருந்து பிரிந்த எல்.வி.எஃப்., உடன்படிக்கையைக் கடுமையாக எதிர்த்த குழு. அதுவே 1998 மே மாதம் போர்நிறுத்தம் அறிவித்து, நவம்பரில் அரசின் அங்கீகாரம் பெற்று, டிசம்பர் 18 அன்று துப்பாக்கிகள் சிலவற்றை ஒப்படைத்தது. தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் அவை அறுக்கப்பட்டன. சிறையிலிருந்த ஆட்கள் வெளியே வரவேண்டும் என்ற கணக்கு இதில் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். ஆயுதத்தை முதலில் வை, பிறகு பேசலாம் என்று ஐ.ஆர்.ஏ.வைப் பிடிவாதமாக நெருக்கியிருந்தால் மெக்கெவிட் பக்கம் இன்னும் பலர் போயிருப்பார்கள் என்பது என் கருத்து. ஆயுதக் களைவு 2005இல்தான் முடிந்தது. தாமதம்தான்; ஆனால் இயக்கத்தின் பெரும்பகுதி உடையாமல் வந்தது.

எதிர்ப்புக் குழுக்கள் ஒழிந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. 2009 மார்ச்சில் மஸரீன் படைமுகாம் வாசலில் இரண்டு சிப்பாய்களை ரியல் ஐ.ஆர்.ஏ. கொன்றது, இரண்டு நாள் கழித்து கிரெய்காவனில் ஒரு காவலரைக் கன்டினியூட்டி ஐ.ஆர்.ஏ. கொன்றது. அப்போது வடக்கு அயர்லாந்தின் துணை முதல்வராக இருந்த முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் இவர்களைத் துரோகிகள் என்றார். 2019இல் டெர்ரி நகரின் கிரெகன் பகுதியில், பிற்பாடு உருவான எதிர்ப்புக் குழுவான நியூ ஐ.ஆர்.ஏ. சுட்டதில் லைரா மெக்கீ என்ற பத்திரிகையாளர் இறந்தார். ஓமா கொலைகளுக்காக இன்றுவரை ஒருவர்கூடக் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை. 2007இல் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். தடயங்களைப் போலீஸ் கையாண்ட விதத்தை நீதிபதி கடுமையாகச் சாடினார். 2009இல் சிவில் வழக்கில்தான் மெக்கெவிட் உட்பட நால்வர் பொறுப்பு என்று தீர்ப்பாகி, 16 லட்சம் பவுண்டு இழப்பீடு விதிக்கப்பட்டது.

கட்டுரையில் 'ஐ.ஆர்.ஏ.' என்று இருப்பதை 'ரியல் ஐ.ஆர்.ஏ.' என்று திருத்தி, அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி