பனிப்புயல் வருகிறது: இன்றே செய்ய வேண்டியவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பனிப்புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது. மின்சாரம் இருக்கும்போதே கைபேசிகளைச் சார்ஜ் செய்துவிடுங்கள். 3 நாட்களுக்காவது குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, வழக்கமான மருந்துகள் கையிருப்பில் இருக்கட்டும்.

குளிரைவிட எனக்கு அதிக அச்சம் தருவது, எரிபொருளோ கரியோ எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ இயக்கவே கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. வெளியே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். உள்ளே கரி மூட்டிக் குளிர்காய்வதும் இதே ஆபத்துதான். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியேறி அவசர உதவியை அழையுங்கள். பனியில் சிக்கிய காரிலும், புகைக்குழாயை அடைத்த பனியை அகற்றிய பிறகே இன்ஜினை இயக்குங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் நீர் சொட்டுச் சொட்டாக ஒழுகட்டும்; உறைந்து வெடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது, வாய்ப்பு குறையும்.

குளிரில் நடுங்கியவருக்கு நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் நிலைமை முற்றிவிட்டது, ஆம்புலன்ஸை அழையுங்கள். ஈர உடையைக் களைந்து, கைகால்களை விட்டு மார்பை முதலில் சூடாக்குங்கள். மது கொடுக்கச் சொல்ல ஒருவர் நிச்சயம் இருப்பார், கேட்காதீர்கள்.

தனியாக வசிக்கும் பெரியவர்களைத் தொலைபேசியில் விசாரிக்க முன்வருபவர்கள் இன்றிரவு 8 மணிக்குள் இங்கே தெரிவியுங்கள்.