ஊர்க்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் உடைந்த நம் குளத்துக் கரையைக் கட்டி முடித்துவிட்டோம். மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் மறுகாலும் இரண்டு மடைகளும் படித்துறையும் தயார். இந்தப் பிசான நெல் பருவத்துக்குக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்ததை எல்லாரும் பார்த்தோம். வரவு செலவுக் கணக்கைச் சாவடிப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ரசீதுக் கட்டு பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு 18,450 ரூபாய். குளத்து வேலைக்கு எதற்குத் 'திருப்பணி' என்று பேர் என்றும் சிலர் கேட்டார்கள். கோயில் கொடை நோட்டின் பின்பக்கத்தில்தான் முதல் வசூலை எழுதினோம், பேரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

கணக்கை விட, ஏன் இத்தனை நாள் இழுத்தது என்பதுதான் பலருடைய கேள்வி. முதல் சில மாதம் குளம் யாருடையது என்று கேட்டு அலைந்ததிலேயே போனது. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டியது. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக் குளம், அதற்கு மேலே போனால் நீர்வளத் துறைக் குளம். இந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பஸ் காசு மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் பணம். ஊராட்சியில் காசு இல்லை என்று நாமெல்லாம் நினைத்தோம். இருக்கிறது, ஆனால் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று எழுதித்தான் வருகிறது. 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று இருந்தது. கரை உடைந்து கிடந்தாலும் அந்தப் பணத்தை இந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சிக்கு எத்தனையோ பொறுப்பு எழுதியிருக்கிறார்கள். நடப்பில் அது பாதி நேரம் தபால்காரர் வேலைதான் பார்க்கிறது என்பது எங்கள் கருத்து.

அதனால்தான் 'நமக்கு நாமே' திட்டத்துக்குப் போனோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது ஊர் போட வேண்டும், மீதியை அரசு தரும். நம் பங்கு சென்னை, மும்பை, துபாயில் கடையும் வேலையுமாக இருக்கும் பிள்ளைகளிடமிருந்து பெரும்பாலும் ஜிபேயில் வந்தது. ஒரு ரூபாய் வந்தாலும் அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் ரசீது போட்டோம். அந்தப் பழக்கத்தால்தான் இரண்டாம் தவணை கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

தீர்மானத்திலும் ஒரு பாடம் படித்தோம். 2024 ஜனவரி 26 கிராம சபையில் 'குளத்தைச் சீரமைக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினோம். அது பதிவேட்டில் அப்படியே தூங்கியது. பிறகு மக்களவைத் தேர்தல் நடத்தை விதி வந்ததால் ஜூன் வரை புது வேலை எதற்கும் உத்தரவு கிடையாது. ஆகஸ்ட் 15 சபையில் சர்வே எண், உடைப்பின் நீளம், ஊர்ப் பங்கு எல்லாம் சேர்த்து மறுபடி எழுதினோம். அதற்குப் பின்தான் பொறியாளர் டேப்போடு வந்தார். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு தடவை, மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் புதிதாகச் சேர்ந்தவை. தேதி கூடினாலும் நம் ஊரில் ஆள் கூடவில்லை. அந்த ஆகஸ்ட் சபையில் கூட்டம் நிறைந்ததற்குக் காரணம் பெண்கள். நாங்கள் எழுதிய வரைவில் படித்துறையே இல்லை. துணி துவைக்க அகலப் படி வேண்டும் என்று அவர்கள் எழுந்து நின்று கேட்டதால்தான் அது சேர்ந்தது. பெண் வார்டு உறுப்பினர் இருவர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016இல் வந்தாலும், நம் திருநெல்வேலி மாவட்டத்தில் 2021 அக்டோபர் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது.

மறுகால் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய மட்டத்தை விட அரை அடி உயர்த்தலாம், கூடத் தண்ணீர் நிற்கும் என்று கமிட்டியில் எல்லாருக்கும் ஆசை. எதற்கெடுத்தாலும் 'வேண்டாம்' சொல்லும் அண்ணாச்சி ஒருவர் மட்டும், "மறுகால ஒசத்தினா தண்ணி எங்கவே போவும்? உள்வாய் வயலுக்குள்ளதாம் வந்து நிக்கும்" என்று, குளத்து நீர்ப்பரப்பை ஒட்டிய வயல்களைச் சொல்லி மூன்று கூட்டம் முரண்டு பிடித்தார். நம் பக்கத்து மானூரில் சுமார் 1,200 ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச் சபையில் எதற்கெடுத்தாலும் 'அன்று, அன்று' என்று மறிப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் விதி. அதைச் சொல்லி அவரைக் கேலி செய்தோம். கடைசியில் பொறியாளர் மட்டம் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் சரி என்றார். பழைய மட்டத்திலேயே கட்டினோம். தண்டம் கட்ட வேண்டியது நாங்கள்தான்.

வசூலுக்கு வீடு வீடாகப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. குளத்துக்கு ஆயிரம் கொடுத்த வீடுகள் பலவற்றில் வீட்டு வரி பாக்கி. யாரும் கையைக் கட்டிப்போடாமல் ஊராட்சி தன் இஷ்டப்படி செலவழிக்கக்கூடிய பணம் பெரும்பாலும் அந்த வரிதான். இப்போது செல்போனிலேயே கட்டலாம். கமிட்டியிலும் இரண்டு பேர் பாக்கி வைத்திருந்தோம், கட்டிவிட்டோம்.

2019இல் தென்காசி பிரிந்ததால் நமக்கு ஊரகத் தேர்தல் தள்ளிப்போனது. அதனால்தான் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியிலிருந்து ஊராட்சித் தலைவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் இருக்க, நமக்குக் கையெழுத்துப் போடத் தலைவர் இருந்தார். 2026 அக்டோபரோடு அவர் பதவிக்காலமும் முடிகிறது. ஒன்றியத்திலிருந்து வர வேண்டிய வேலை முடிப்புச் சான்று நகலை அதற்குள் வாங்கி வைக்க வேண்டும்.

மேல மடையடியில் அமலை என்னும் நீர்ச்செடி மறுபடி தலைகாட்டுகிறது. கையிருப்பில் முதல் செலவு அதை அள்ளத்தான் என்று நினைக்கிறோம். அண்ணாச்சி அதற்கும் வேண்டாம் என்கிறார். காரணத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சாவடியில் சொல்வாராம். எல்லாரும் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி