ரீவா ஸ்டீன்கேம்ப் என்று எழுதுங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும், குறிப்பாக உலகச் செய்திகளையும் விளையாட்டுப் பக்கங்களையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2025 ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த நெடுந்தூரப் போட்டியொன்றில் செயற்கைக் கால்களோடு ஓடிப் புகழ்பெற்று, பின்னர் காதலியைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்குச் சிறை சென்ற அந்நாட்டு ஓட்டக்காரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கலந்துகொண்ட செய்தி நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள் பயணம், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்ற மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய போட்டி அது. அந்தச் செய்தியை என் பழைய மாணவி ஒருத்தி எனக்கு அனுப்பிவிட்டு, அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "டீச்சர், செத்துப்போன அந்த அக்காவோட பேரை எங்கேயுமே போடலையே?" நான் திரும்பவும் படித்துப் பார்த்தேன். அவர் நீந்திய தூரம் இருந்தது, பழைய பதக்கங்களின் கணக்கு இருந்தது, 'பிளேடு ரன்னர்' என்ற பட்டப்பெயர் தலைப்பிலும் உள்ளேயும் இருந்தது. கொல்லப்பட்டவர் 'காதலி' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டார். அன்று என் கைக்கு எட்டிய வேறு சில தமிழ்ச் செய்திகளைத் தேடிப் படித்தேன். அவற்றிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

அந்தப் பெண்ணின் பெயர் ரீவா ஸ்டீன்கேம்ப். பிஸ்டோரியஸைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தப் பெயரை எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

வழக்கின் வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை விரித்துச் சொல்லப் போவதில்லை. இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்களானால், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் 31 ஆண்டுகள் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2012 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் அரையிறுதியில் பிஸ்டோரியஸ் ஓடினார். முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் இல்லாத ஒருவர் ஒலிம்பிக் தடகளத்தில் ஓடியது அதுதான் முதல் முறை என்பதால், அவருடைய படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து எங்கள் விளையாட்டுப் பொருள் அறையின் கதவில் ஒட்டி வைத்தேன். அப்போது எட்டாம் வகுப்பில் படித்த ஒரு மாணவி, சிறு வயதில் நடந்த பேருந்து விபத்தில் இடது காலை இழந்து செயற்கைக் காலோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். விளையாட்டு வகுப்பென்றால் மரத்தடியில் மற்றவர்களின் செருப்புகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை, அந்தப் படம் வந்த பிறகு ஒருநாள் என்னிடம் வந்து குண்டு எறிதல் கற்றுத் தரும்படி கேட்டாள். ஆகவே அந்த மனிதர் ஒரு காலத்தில் எங்களுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை நீங்கள் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து, 2013 பிப்ரவரி 14 அன்று விடியற்காலையில் பிரிட்டோரியாவில் அவருடைய வீட்டில் பூட்டியிருந்த கழிவறைக் கதவின் வழியாக நான்கு முறை சுட்டு, உள்ளே இருந்த ரீவாவைக் கொன்றார் என்ற செய்தி வந்தபோது, அதே பிள்ளை வந்து, "அந்தப் படத்தை எடுத்திடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வழக்கு முடியட்டும் என்று நான் பதில் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தபோது கதவில் பசையின் தடம் மட்டும் இருந்தது. இப்போது வங்கியில் வேலை பார்க்கும் அவள்தான் எனக்கு அந்த ஒரு வரியை அனுப்பியவள்.

பிஸ்டோரியஸ் சிறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றோ, ஓடக் கூடாது என்றோ நான் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி தண்டனையில் பாதிக்கு மேல் கழித்த பிறகு, 2024 ஜனவரி 5 அன்று அட்டெரிட்ஜ்வில் சிறையிலிருந்து பரோலில் அனுப்பப்பட்டு, வாட்டர்க்ளூஃப் பகுதியிலுள்ள தம் தந்தையின் சகோதரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மது அருந்தக் கூடாது, பெண்கள் மீதான வன்முறை குறித்தும் கோபத்தை அடக்குவது குறித்தும் நடத்தப்படும் பயிற்சிகளுக்குச் செல்ல வேண்டும், ஊடகங்களுக்குப் பேட்டி தரக் கூடாது என்பவை அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் சில. இவையெல்லாம் 2029 டிசம்பரில் அவருடைய தண்டனைக் காலம் முடியும்வரை நீடிக்கும். ஆனால் அன்று நம்மவர்கள் போட்ட தலைப்புகளில் நான் கண்ட சொல் 'விடுதலை'. பரோலுக்கும் விடுதலைக்கும் உள்ள வேறுபாடு நீதிமன்றச் செய்தி எழுதும் எந்த நிருபருக்கும் தெரியும். ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், வாசகர் மனத்தில் அந்தக் கணக்கு முடிந்துபோகிறது.

அவர் வீடு திரும்பியபோது எங்கள் உறவினர்களிடையே நடந்த பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். வேண்டிய மட்டும் அனுபவித்துவிட்டார், இனியாவது நிம்மதியாக விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். இதெல்லாம் ஒரு தண்டனையா, தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று சிலர் கொதித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனம் கசந்தது, ஏனென்றால் இரு தரப்பாரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதினொரு ஆண்டுகளாக நீங்கள் கொடுத்ததைத்தான் அவர்கள் படித்திருந்தார்கள்.

பெயர் சொல்லப்பட்ட சில இடங்களில் 'மாடல் அழகி' என்ற அடைமொழியும் சேர்ந்தே வந்தது. ரீவா சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். பிப்ரவரி 14 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பள்ளியில் மாணவிகளிடம் பேசுவதற்கு அவர் குறிப்புகள் தயாரித்து வைத்திருந்தார். அதே மாதத் தொடக்கத்தில் அந்த நாட்டில் 17 வயதுச் சிறுமி ஒருத்தி வன்புணர்வு செய்து கொல்லப்பட்டிருந்தாள். பெண்கள் மீதான வன்முறையைக் கண்டித்துக் கறுப்பு உடை அணிவோம் என்ற அழைப்பை ரீவா தம் கடைசி நாள்களில் பகிர்ந்திருந்தார். அந்தப் பள்ளிக்கு அவர் போகவே இல்லை. சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, சில நேரங்களில் உன்னைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் பிஸ்டோரியஸுக்கு எழுதிய செய்தி 2014 விசாரணையின்போது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தும், அவரை 'அழகி' என்று மட்டும் எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொரு சொல் 'தவறுதலாக'. திருடன் என நினைத்துத் தவறுதலாகச் சுட்டுவிட்டார் என்ற வாக்கியம் இன்றுவரை நம் செய்திகளில் வந்துகொண்டிருக்கிறது. அது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு தன்னைக் காத்துக்கொள்ள முன்வைத்த வாதம். 2014இல் நீதிபதி தோகோசிலே மசிப்பா அதைப் பெருமளவு ஏற்று, கொலைக்குக் குறைந்த குற்றத்துக்கு ஐந்து ஆண்டு தண்டனை விதித்தார் என்பது உண்மை. ஆனால் 2015 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, கதவுக்குப் பின்னால் இருந்தவர் யாராக இருந்தாலும், அவர் சாகக்கூடும் என்பதை உணர்ந்தே சுட்டது கொலைதான் என்று முடிவு செய்தது. 2016இல் விதிக்கப்பட்ட ஆறு ஆண்டு தண்டனையும் போதாது என்று 2017 நவம்பரில் அது 13 ஆண்டு 5 மாதமாக உயர்த்தப்பட்டது. நீதிமன்றம் 'கொலை' என்று முடிவாகச் சொன்ன பிறகு, நீங்கள் 'தவறுதலாக' என்று எழுதுவது செய்தியே அன்று. குற்றவாளியின் வாக்குமூலத்தை உங்கள் கையெழுத்தில் திரும்ப எழுதிக் கொடுப்பது.

ரீவாவின் தாய் ஜூன் ஸ்டீன்கேம்ப்பைப் பற்றி நினைக்கும்போதுதான் எனக்கு இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2013இல் ஜாமீன், 2014இல் விசாரணையும் தீர்ப்பும், 2015இல் வீட்டுக் காவல், அதே ஆண்டு முடிவில் மேல்முறையீடு, 2016, 2017, பிறகு 2023 மார்ச்சில் பரோல் மறுப்பு, நவம்பரில் பரோல் அனுமதி, 2024 ஜனவரியில் வீடு திரும்புதல் என்று ஒவ்வொரு முறை அந்த மனிதரின் வாழ்க்கையில் ஒரு கதவு திறந்தபோதும், மூடியபோதும், அந்த அம்மாவின் வாசலில் ஒலிவாங்கியோடு யாரோ போய் நின்றிருக்கிறார்கள். மகள் எப்படிச் செத்தாள் என்பதை நேரடி ஒளிபரப்பில் உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது அவரும் கேட்டார். அவருடைய கணவர் பாரி, 2022இல் மகளைக் கொன்றவரை நேருக்கு நேர் சந்தித்துப் பேசும் துணிவையும் வரவழைத்துக்கொண்டு, 2023 செப்டம்பரில் இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து நடந்த பரோல் விசாரணைக்கு ஜூன் நேரில் போகவில்லை. அவருடைய வாக்குமூலத்தை அவர் சார்பில் வேறொருவர் வாசித்தார். பிஸ்டோரியஸ் சொன்ன கதையைத் தாம் நம்பவில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆயினும் கோபத்தைப் பிடித்துக்கொண்டு தம்மால் உயிர் வாழ முடியாது என்பதால் எப்போதோ மன்னித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார், பரோலை எதிர்க்கவும் இல்லை. பிஸ்டோரியஸ் வீடு திரும்பிய நாளில், எத்தனை ஆண்டு சிறையில் இருந்தாலும் ரீவா திரும்பி வரப்போவதில்லை, பின்னால் எஞ்சியிருக்கும் நாங்கள்தான் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறோம் என்று அறிக்கை கொடுத்து, தம்மைத் தனிமையில் விடும்படி கேட்டுக்கொண்டார்.

கணவரையும் புதைத்துவிட்டு, கொன்றவர் வீடு திரும்பும் நாளில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அந்த முதிய தாயிடம் நீங்களும் நானும் வேறு எதையும் கொடுத்துவிட முடியாது. மகளின் பெயரை மட்டும் கொடுக்கலாம். அதற்கு ஒரு வரிகூட ஆகாது, இரண்டே சொற்கள்.

இது தென்னாப்பிரிக்காவோடு நிற்கிற பழக்கமாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். கட்டிய மனைவியை வெட்டியவனின் செய்தியில் 'நடத்தையில் சந்தேகம்' என்று நீங்கள் எழுதும்போது அது யாருடைய வாக்குமூலம்? செத்தவள் மறுத்துப் பேச முடியாத நிலையில் 'கள்ளக்காதல்' என்ற சொல்லைத் தலைப்பில் ஏற்ற யார் உங்களுக்கு உரிமை கொடுத்தார்கள்? அவள் பேச மறுத்ததால் 'ஆத்திரத்தில்' வெட்டினான் என்று எழுதினால், ஆத்திரம் அவனுடைய குற்றமா, அவள் கொடுத்த காரணமா என்று என் மாணவிகள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? 31 ஆண்டுகளில் இப்படிப்பட்ட செய்திகளை மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போன காலைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது. நம் நாட்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற சட்டம் சரியானது, அதைக் காக்க வேண்டும். ஆனால் ரீவாவின் பெயரை மறைக்க எந்தச் சட்டமும் இல்லை. அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை நடத்தி, அது மறக்கப்படக் கூடாது என்று பாடுபடுபவர் அவரைப் பெற்றவரே.

கோபத்தில் எல்லை மீறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மொழிபெயர்த்து, பத்து நிமிடத்தில் பக்கத்தை முடிக்க வேண்டிய உதவியாசிரியர்களின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் அவர்களிடம் கேட்காமல், அவர்களுக்கு நடைமுறை வகுத்துக் கொடுக்கும் உங்களிடம் கேட்கிறேன். பிஸ்டோரியஸ் பற்றிய எந்தச் செய்தியிலும், அது அவர் ஓடியதைப் பற்றியதாக இருந்தாலும், ரீவா ஸ்டீன்கேம்ப் என்ற பெயர் முதல் பத்தியிலேயே வர வேண்டும். 'மரணம்', 'சம்பவம்', 'சோகம்' என்ற சொற்கள் இருக்கும் இடத்தில் 'கொலை' என்று இருக்க வேண்டும். 'பிளேடு ரன்னர்' என்ற பட்டத்தைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவருடைய பெயரே போதுமானது.

2029 டிசம்பரில் அவருடைய தண்டனைக் காலம் முடியும். அன்று பேட்டித் தடையும் நீங்கும், உலகெங்குமிருந்து செய்திகள் வரும், நீங்களும் எழுதுவீர்கள். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தச் செய்தியை என் மாணவி எனக்கு அனுப்பும்போது, அதன் கீழே அவள் அதே கேள்வியை மறுபடி எழுத வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளுமாறு உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்
திருநெல்வேலி மாவட்டம்