முட்டுக்கிடாவின் முதல் ஆட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் லிவர்பூல் காற்பந்துக் குழுவைப் பற்றி அரை மணி நேரம் ஆசை ஆசையாகப் பேசினார். நானும் ரசித்துத்தான் கேட்டேன். பிறகு, "நீங்க எந்த டீம் ஆன்ட்டி?" என்றார். "உட்லண்ட்ஸ் வெலிங்டன்" என்றேன். அவருக்கு அந்தப் பெயரே புதிது. விளக்கிச் சொன்னதும், "ஓ, லோக்கல் டீமா? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சே" என்றார். அவர்மேல் கோபமில்லை. சிங்கப்பூரின் அந்தக் குழு 2014ஆம் ஆண்டோடு இல்லாமல் போனது உண்மைதான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

நான் பார்த்த முதல் ஆட்டம் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில். 1980, எனக்கு 12 வயது. அந்தச் சீட்டு எனக்காக வாங்கியது அல்ல, அண்ணனுக்காக வாங்கியது. அண்ணனுக்கு அந்த வாரம் அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகி, அம்மா அவரைத் தனி அறையில் படுக்கவைத்திருந்தார். "வீட்ல அம்மை பார்த்திருக்கு, இப்ப போய்ப் பந்து பாக்கப் போறீங்களா?" என்று அம்மா கேட்க, அப்பா பதில் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வர்றியா?" அவ்வளவுதான் கேட்டார். அதற்கு முன்பு என்னை அப்பா எங்கும் தனியாகக் கூட்டிப்போனதில்லை.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்டர். அதற்கு முந்திய ஆண்டுதான் நேவல் பேஸ் பழைய குடியிருப்பிலிருந்து மார்சிலிங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு வந்திருந்தோம். அங்கிருந்து காலாங் போக இரண்டு பேருந்து மாறவேண்டும். புக்கிட் தீமா சாலை முடியவே முடியாது போலிருந்தது. வழியெல்லாம் அப்பா 1977ஐப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தார். சிங்கப்பூர் 1975, 1976 இரண்டு ஆண்டும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் தோற்று, மூன்றாம் முறை பினாங்கை 3-2 என்று வென்றது, கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் அடித்த கோல், பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு மலேசியக் கிண்ணம் வீடு திரும்பியது. அந்த ஆட்டத்தை நேவல் பேஸில் பக்கத்து வீட்டுக் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் முப்பது பேர் பார்த்தார்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, பெரியவர்களின் முதுகைத்தான் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை. அதனால் அப்பா சொன்னதெல்லாம் எனக்குப் புதுக்கதை.

அரங்கத்தின் வாசலில் தலையில் தட்டு சுமந்த கச்சாங் பூத்தே வியாபாரி, நம்மவர், "என்ன பாப்பா, நீயும் வந்துட்டியா" என்று தமிழில் கேட்டு, காகிதக் கூம்பில் கடலையை நிரப்பி மேலே இன்னும் கொஞ்சம் போட்டார். உள்ளே மரப்பலகை வரிசைகள். என் பாவாடையில் சிராய் குத்தக்கூடாது என்று அப்பா கக்கத்தில் வைத்திருந்த தமிழ் நாளிதழைப் பிரித்து விரித்தார். எல்லாப் பக்கத்தையும் விரிக்கவில்லை. இன்னும் படித்து முடிக்காத நடுப்பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சத்தத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். காலாங் ரோர், அதாவது காலாங் கர்ஜனை, என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது சத்தத்துக்கு முந்திய நொடி. பந்து கோல் பக்கம் போகும்போது ஐம்பதாயிரம் பேரும் ஒன்றாக மூச்சை இழுப்பார்கள். அந்த இழுப்பு நான் உட்கார்ந்திருந்த பலகையில் தெரிந்தது. வீட்டில் குரல் உயர்த்தாத அப்பா எழுந்து நின்று நடுவரைப் பார்த்து, "காயு! ரெஃப்ரி காயு!" என்று கத்தினார். மலாயில் காயு என்றால் கட்டை. எங்கள் முன்னால் ஒரு மலாய்ப் பாட்டி, பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா, இந்தப் பக்கம் அப்பா, மூவரும் ஒரே சொல்லைக் கத்தினார்கள். இனநல்லிணக்கம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிப்பதற்கு முன்பே நான் அங்கே பார்த்துவிட்டேன்.

அந்த ஆண்டு இளம் ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது இறுதியாட்டத்தில் கோல் அடித்து, சிலாங்கூரை 2-1 என்று வென்றோம். அதன் பிறகு அப்பா வாங்கும் சீட்டு மூன்றானது. ஒரு பெண் பிள்ளையைக் காலரிக்குக் கூட்டிப்போவதா என்று சொந்தத்தில் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, அடுத்த ஆட்டத்தின் தேதியைச் சொல்லி அனுப்பினார்.

1994ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் நேரில் பார்க்கவில்லை. டிசம்பர் 17, ஷா ஆலம், பாகாங்கை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணம். அந்த ஆண்டு லீக் விருதும் நமக்கே. மடியில் ஒரு மாதக் குழந்தையோடு நான் வீட்டில் இருந்தேன். அப்பாவும் அண்ணனும் பேருந்தில் போனார்கள். காலையிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டிச் சிவப்புச் சட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. மறுநாள் தொண்டை கட்டித் திரும்பிய அப்பா, பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேச முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டே சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. அப்பா ஓய்வுபெற்றதும் அதே ஆண்டுதான். இரண்டும் சேர்ந்து அவரை உட்காரவைத்துவிட்டன. மாலை நேரத்தில் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்து, குடிக்காமல் காப்பியை ஆறவிட்டுத் திரும்பி வருவார்.

1996இல் எங்கள் ஊருக்கு இரண்டு வந்தன. பிப்ரவரியில் எம்ஆர்டி ரயில், ஏப்ரலில் எஸ்-லீக் என்ற சிங்கப்பூரின் சொந்தக் காற்பந்து லீக். எட்டுக் குழுக்களில் ஒன்று உட்லண்ட்ஸ் வெலிங்டன். அதுவரை எங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே குழுதான். யாருக்குக் கத்துவது என்று யாரும் யோசித்ததில்லை. இப்போது முதல்முறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் குழப்பமே இல்லை. "நம்ம வீட்லேருந்து நடந்து போற தூரத்துல ஒரு டீம் இருக்கு. வேற எந்த டீமுக்குக் கத்தறது?" என்றார். அண்ணன் கல்யாணமாகிப் பிடோக்கில் குடியிருந்தார். அவருடைய பக்கத்து அரங்கம் கெய்லாங் யுனைடெட்டுடையது. இப்படித்தான் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

எங்கள் குழுவின் சின்னப் பெயர் 'ராம்ஸ்'. அப்பா அதைக் கேட்டதும், "ராமனா?" என்றார். ஆட்டுக்கடா என்று நான் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, முட்டுக்கிடா!" அவர் பிறந்த ஊர் மதுரைப் பக்கம். கிடா முட்டு பார்த்து வளர்ந்தவர். அன்றிலிருந்து அவருக்கு உட்லண்ட்ஸ் வெலிங்டன் என்ற பெயரே கிடையாது. "இன்னிக்கு கிடா ஆடுது, வர்றியா?" பதினாறு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே "வர்றியா".

நாங்கள் முதலில் போனது கெய்லாங் உட்லண்ட்ஸுக்கு ஆட வந்த ஆட்டத்துக்கு. அண்ணன் பிடோக்கிலிருந்து பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா மூன்று பேருக்கும் ஒரே மாதிரி புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "சண்டை போட்டா அடுத்த தடவை பொட்டலம் கிடையாது" என்றார். காலாங்கைப் பார்த்த கண்ணுக்கு அந்த அரங்கம் சிறியது. ஒரு பக்கம்தான் கூரை போட்ட பார்வையாளர் மாடம். மாலையில் கொட்டிய மழையில் ஓட்டப்பாதையில் தண்ணீர் நின்று, விளக்கு வெளிச்சம் அதில் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. காலாங்கின் சத்தம் எங்கே, இது எங்கே என்று நினைத்தேன்.

பத்து நிமிடம்தான். பிறகு எனக்குப் புரிந்தது. இங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது காதில் விழுகிறது. காலும் காலும் மோதும் 'தட்' என்ற ஒலி கேட்கிறது. முக்கியமாக, நாம் கத்துவது அவர்களுக்குக் கேட்கிறது! அப்பா எழுந்து, "முட்டுடா கிடா!" என்று ஒரு குரல் கொடுத்தார். எங்களைச் சுற்றி இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஆனால் ஓரத்தில் பந்து எறிய வந்த ஆட்டக்காரர் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். காலாங்கில் அத்தனை ஆண்டு கத்தி ஒருவரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்ததில்லை. பின்வரிசையில் இருந்த மலாய் இளைஞர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இடைவேளைக்குள் "முட்டுடா, முட்டுடா" என்று தாளம் போட்டார்கள். என்ன பொருள் என்று ஒருவர் வந்து கேட்டார். அப்பா இரண்டு கை முட்டியையும் மோதிக் காட்டினார். அந்த இளைஞர்களில் இருவரோடு எனக்கு இன்றும் பழக்கம் உண்டு. அப்பா 2011இல் காலமானபோது அவர்கள் வந்திருந்தார்கள். மண்டாய் தகனச்சாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னது ஒரே சொல். அந்தச் சொல்தான்.

தொடக்க ஆண்டுகளில் வி. சுந்தரமூர்த்தி எங்கள் குழுவுக்கு ஆடினார் என்பதை இளையவர்கள் நம்பமாட்டார்கள். 1993இல் காலாங்கில் புருணைக்கு எதிராக உடலைத் தலைகீழாகச் சுழற்றி ஒரு கோல் அடித்தாரே, அவரேதான். அவரைப் பார்க்க நாங்கள் வீட்டிலிருந்து நடந்தே போனோம். ஆட்டம் முடிந்து அவர் மாடத்தைக் கடந்து போகும்போது அப்பா எழுந்து கை கூப்பினார். அவரும் கை கூப்பிவிட்டுப் போனார். எஸ். ராஜகோபால், சமது அல்லாப்பிச்சை, சுந்தரமூர்த்தி என்று சிங்கப்பூருக்கு ஆடிய நம்மவர்களைப் பட்டறைக் கூட்டாளிகளிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு நிமிர்வு வரும். நாள் முழுக்கக் கப்பலின் அடிவயிற்றில் சாயம் அடித்த மனிதருக்கு அந்தப் பெயர்கள் எவ்வளவு கொடுத்தன என்பது எனக்குத் தெரியும்.

2007இல் லீக் கிண்ணம் முதன்முதலாக நடத்தப்பட்டபோது அதை வென்றது எங்கள் கிடாக்கள்தான். அப்பாவுக்கு அப்போது முழங்கால் வலி. நான் கைத்தொலைபேசியில் கூப்பிட்டு, அரங்கத்தின் சத்தத்தை அப்படியே கேட்கவைத்தேன். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுடன் ஆடிய கடைசி ஆட்டத்தோடு பழைய தேசிய அரங்கம் மூடப்பட்டது. பிறகு இடித்தார்கள். என் பாவாடையில் சிராய் குத்தாமல் அப்பா காத்த அந்தப் பலகைகளை நான் கடைசியாகத் தொட்டுப் பார்க்கப் போகவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

2014 முடிவில் உட்லண்ட்ஸ் வெலிங்டனை ஹவ்காங் யுனைடெட்டுடன் இணைத்தார்கள். ஹவ்காங் என்ற பெயரே நிலைத்தது. இனிமேல் அங்கே போய்க் கத்துங்கள் என்று பலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். ஹவ்காங் ரசிகர்கள் அருமையானவர்கள். ஆனால் என்னால் முடியவில்லை. எனக்குக் குழு என்பது அப்பாவோடு நடந்து போகும் அந்தப் பதினைந்து நிமிடப் பாதையும் சேர்த்துத்தான். இப்போது ஜாலான் புசார் அரங்கத்துக்கோ, தெம்பனிஸ் ஹப் அரங்கத்துக்கோ போய் யார் ஆடினாலும் பார்க்கிறேன். கத்துவதில்லை, கை தட்டுகிறேன்.

ஆசிரியர் ஐயா, நான் கேட்க வந்தது இதுதான். தங்கள் நாளிதழில் வாரம் ஒரு சிறு மூலையை, 'என் முதல் ஆட்டம்' என்று வாசகர்களுக்கு ஒதுக்கித் தரமுடியுமா? 1950களில், 60களில் ஜாலான் புசாரில் ஆட்டம் பார்த்த நம் பெரியவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். ஃபேரர் பார்க் திடலில் வெறுங்காலோடு ஆடியவர்கள் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். யார் கையைப் பிடித்துப் போனார்கள், என்ன தின்றார்கள், எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் ஆட்ட முடிவுகளோடு பதிவாவதில்லை. அப்பாவிடம் அவருடைய முதல் ஆட்டம் எது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை. எழுத முடியாதவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதி அனுப்பட்டும். பெண்களும் எழுதவேண்டும். காலரியில் நான் மட்டும் இல்லை, என்னைப்போல் பலர் இருந்தார்கள். அவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2025 நவம்பர் 18ஆம் தேதி, ஹாங்காங்கில் பின்தங்கியிருந்து 2-1 என்று வென்று, சிங்கப்பூர் முதன்முதலாகத் தகுதிச்சுற்றின் மூலம் ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. 1994இல் என் மடியில் கிடந்த மகள், தன் ஐந்து வயது மகனோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது கோலை அடித்த இல்ஹான், ஃபாண்டி அகமதுவின் மகன். "அவங்க அப்பா அடிச்ச கோலுக்கு உன் கொள்ளுத்தாத்தா கத்தியிருக்காரு" என்று பேரனிடம் சொன்னேன். "எப்படிக் கத்துவாரு?" என்றான். கத்திக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் முதல் ஆட்டத்தை எழுதிவிட்டேன். பிடோக்கிலிருந்து அண்ணனின் கடிதமும் வரும், சொல்லிவைத்திருக்கிறேன். 1996இல் யார் வாகை சூடினார்கள் என்பதை அவர் முதல் வரியிலேயே எழுதுவார். கெய்லாங்தான். அதை வெட்டாமல் அப்படியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மார்சிலிங் வாசகி